தராசுக்காரர் வீட்டுக்கு வந்த மெட்ரோனோம்

கடைத்தெருவில் அவரை எல்லோரும் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டைக்கு மட்டும் பயன்பட்டது. இருபத்தாறு வருடமாகக் கடை கடையாக ஏறி இறங்கி, எடை பார்க்கும் எந்திரங்களைச் சரிசெய்வது அவர் தொழில். ஒரு கடைக்குள் நுழைந்தால் முதல் வேலையாகச் சட்டைப் பையிலிருந்து நாணயம் அளவுள்ள ரசமட்டத்தை எடுத்துத் தராசின் தலையில் வைப்பார். அதற்குள் இருக்கிற குமிழி நடுவட்டத்தில் வந்து நிற்கும்வரை கடைக்காரர் என்ன பேசினாலும் காதில் வாங்கமாட்டார். ஒரு கால் தேய்ந்திருந்தால் மெல்லிய பித்தளைத் தகட்டை வெட்டி அடியில் கொடுப்பார். பிறகு எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிப் பார்ப்பார். "தராசு பாத்துட்டுப் போயிட்டாரு" என்று சொல்லிவிட்டால் அந்தக் கடையில் அப்புறம் மறுபேச்சு கிடையாது. அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

ஆனால் அவருடைய உண்மையான பெருமை கடைத்தெருவில் இல்லை. அது மாலை ஆறு மணிக்கு வீட்டில் தொடங்கி ஏழு மணிக்கு முடிகிற ஒரு மணி நேரம்.

அவர் மனைவி மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். சிறு வயதிலிருந்தே வயலின் வாசிப்பவள். கல்யாணமான புதிதில் ஒரு மாலை அவள் வாசித்துக்கொண்டிருக்க, இவர் கை சும்மா இருக்கமாட்டாமல் விரல்களை மடக்கி மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்துக் கையை எடுத்துக்கொண்டார்.

"எடுக்காதீங்க. அப்படியே தட்டுங்க, வாசிக்க நல்லா இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான். அன்றைக்கு ஆரம்பித்தது இருபத்தொரு வருடம் ஓயவில்லை. இவருக்குச் சங்கீதம் சுட்டுப்போட்டாலும் வராது. எது என்ன சுரம் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். ஆனால் அவள் வில்லை எடுத்தால் இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். மேசையின் ஓரத்தில் அவருடைய விரல்கணு விழுகிற இடம் மட்டும் மெருகு போய் வெளுத்திருந்தது. சம்சாரம் பேசாத நாட்கள் எந்த வீட்டில்தான் இல்லை? அந்த நாட்களில்கூட ஆறு மணிக்கு அவள் வில்லைத் தூக்கிக்கொண்டு இவர் பக்கம் பார்ப்பாள். இவர் தட்ட ஆரம்பிப்பார். சண்டை ஏழு மணிக்கு மேல் தொடரும், அது வேறு விஷயம்.

ஊரில் ஒரு இசைக்குழு இருந்தது. வாரம் ஒருநாள் அதன் பயிற்சிக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாசித்துவிட்டு வருவாள். நிரந்தர இடமில்லை; யாராவது வராத நாளில் அந்த நாற்காலியில் இவள். அந்த வருடம் முன்வரிசையில் ஒருவர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு ஐந்து வாரத்தில் தேர்வு என்று அறிவித்தார்கள். இவளுக்கு வயது நாற்பத்தாறு. இதை விட்டால் அடுத்த நாற்காலி எப்போது காலியாகுமோ, யாருக்குத் தெரியும்.

அறிவிப்பு வந்த அன்று பயிற்சி முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"நாளைக்கு என்கூட வாத்தியக் கடைக்கு வர்றீங்களா? ஒரு மெட்ரோனோம் வாங்கணும்."

"அது என்னது?"

"தாளம் தட்டற கருவிங்க. எவ்வளவு வேகம்னு வெச்சுட்டா அதுபாட்டுக்குத் தட்டிக்கிட்டே இருக்கும்."

"அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டார் தராசுக்காரர்.

"தேர்வு இருக்குல்ல, அதான்" என்று சொல்லிவிட்டு அவள் முகம் கழுவப் போனாள். தேர்வுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவள் சொல்லவில்லை. கேட்க இவருக்கும் ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் கடையில் கடைக்காரர் நாலைந்து வகையை எடுத்து வைத்தார். முதலில் போனைக் காட்டி, "இதுலயே ஆப் இருக்கும்மா, சும்மாவே போட்டுக்கலாம்" என்றார். நல்ல மனிதர், வியாபாரம் தெரியாதவர். அவள் வேண்டாம் என்றாள். நடுவில் யாராவது கூப்பிட்டால் தாளம் அறுந்துவிடும். அடுத்ததாகத் தீப்பெட்டி அளவில் ஒரு மின்னணுக் கருவி. பீப் பீப் என்று கத்தியது. "நாள் பூரா பரிசோதனைக் கூடத்துல எந்திரம் இப்படித்தாங்க கத்துது. வீட்டுக்கு வந்துமா?" என்று அதையும் தள்ளினாள். மூன்றாவது விளக்கு மட்டும் மினுக்குவது; தாளைப் பார்த்து வாசிக்கிறவள் விளக்கை எந்தக் கண்ணால் பார்ப்பாள்? கடைசியில் சாவி கொடுக்கும் மரக்கூடு. கோபுர வடிவம், நடுவில் ஆடுகிற ஒரு கம்பி, கம்பியில் மேலும் கீழும் நகர்த்த ஒரு குண்டு. குண்டை மேலே ஏற்றினால் மெதுவாக ஆடும், கீழே இறக்கினால் வேகமாக ஆடும். டிக், டிக் என்று மரத்தில் தட்டுகிற ஓசை. கம்பி ஆடுவது கண்ணோரத்திலேயே தெரிந்ததால் அடுத்த தட்டு எப்போது விழும் என்பது முன்கூட்டியே தெரிந்தது. அவளுக்கு அதுதான் பிடித்தது.

அதில் மூன்று இருந்தன. எதை எடுப்பது என்று அவள் யோசிக்க, தராசுக்காரரின் கை தன்னாலேயே சட்டைப் பைக்குப் போனது. தொழில்புத்தி யாரை விட்டது! ரசமட்டத்தை வைத்துக் கண்ணாடி மேசையின் மட்டத்தைச் சரிபார்த்தார். மூன்றையும் ஒவ்வொன்றாக ஆடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். "இது நொண்டுது" என்று ஒன்றைத் தள்ளினார். "இதுல சுருள் சரியில்ல, போகப்போகத் தளரும்" என்று இன்னொன்று. மூன்றாவதைக் கைக்கடிகாரத்தோடு வைத்து முழு ஐந்து நிமிடம் எண்ணினார். பிசிறே இல்லை.

"இத எடுத்துக்கோ" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது. தனக்கு ஆப்பு வைக்கிற ஆளைத் தானே தேர்வு செய்து, சான்றிதழும் கொடுத்து, பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

அன்று ஆறு மணிக்கு அவள் மெட்ரோனோமை மேசையில் வைத்தாள். வேறு இடமே கிடைக்காத மாதிரி, சரியாக அவர் விரல்கணு விழுந்து வெளுத்த இடத்தில். தேர்வுப் பாட்டு அவள் வருடக்கணக்காக வீட்டில் வாசித்துவருவதுதான். அதன் மூன்றாம் பக்கத்தில் ஒரு வேகமான வரி இருந்தது. விரல் கம்பியில் மேலே ஏறி ஒரே மூச்சில் இறங்க வேண்டும். அந்த வரியை இருவரும் 'மேடு' என்றுதான் சொல்வார்கள். பாட்டுக்குக் குறித்த வேகம் நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு தட்டு. அவள் அறுபதில் ஆரம்பித்தாள். மேட்டைத் தப்பில்லாமல் மூன்று முறை கடந்தால் குண்டை ஒரு கோடு கீழே இறக்குவாள். தப்பினால் பழையபடி ஒரு கோடு மேலே. இப்படியே நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்ணூற்றாறுக்குப் போக வேண்டும்.

இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செய்ய ஒன்றுமில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பல் பிடுங்கக் காத்திருக்கிறவர் மாதிரி இருந்தார். பழக்கதோஷத்தில் ஒருமுறை விரல் மேசைக்குப் போனது.

"ஏங்க, ரெண்டு சத்தம் கேட்டா குழம்புது" என்றாள் அவள், தலையைத் திருப்பாமலே.

வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே எரிந்தது. இருபத்தொரு வருடத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களைத் தவிர இவர் ஒருநாள் மட்டம் போட்டதில்லை. இந்த மரப்பெட்டி வந்து ஒருநாள் ஆகவில்லை, அதற்குள் இவர் சத்தம் குழப்புகிறதாம். அவள் அதற்குச் சாவி கொடுக்கும் விதத்தைப் பார்த்தாலே இவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அவ்வளவு பதமாகத் திருகுவாள். முடிந்ததும் கம்பியைக் கொக்கியில் மாட்டி, மூடியைப் போட்டு, துணியால் ஒரு துடை துடைப்பாள். இவருக்கு யார் துடைத்துவிட்டார்கள்?

மாடி வீட்டில் குடியிருந்த மச்சினிக்கு வாய் கொஞ்சம் நீளம். படியிறங்கி வந்தவள் இவர் வாசலில் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன அத்தான், அக்காவுக்குச் சக்களத்தி வரும்னு பாத்தா உங்களுக்குல்ல வந்திருக்கு போட்டிக்கு ஆளு!"

"போடி, வேலையப் பாத்துக்கிட்டு."

"ஆளு வாட்டசாட்டமா இருக்கானாமே. சொன்ன நேரத்துக்குத் தட்டறானாம், டீ கேக்கறதில்லையாம்."

இவர் சிரித்து வைத்தார். உள்ளுக்குள் சிரிக்கவில்லை.

எட்டாம் நாள் அவள் மேட்டை எழுபத்தாறில் கடந்துவிட்டாள். இவர் தட்டிய காலத்தில் அவள் அந்த வரியில் தடுக்காத நாளே கிடையாது. அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். வில்லை இறக்கிவிட்டு அந்தப் பெட்டியைப் பார்த்துச் சிரித்தாள். இவர் இரண்டடி தூரத்தில்தான் இருந்தார். சிரித்தது பெட்டியைப் பார்த்து.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போனதும் இவர் கருவிப் பையைத் திறந்தார். இருப்பதிலேயே மெல்லிய பித்தளைத் தகட்டிலிருந்து நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு வெட்டினார். மெட்ரோனோமைக் கவிழ்த்து, அடியில் ஒரு காலில் பசை தொட்டு ஒட்டினார். நிமிர்த்தி ஆடவிட்டுக் கேட்டார். நொண்டியது. வெளிப்படையாக அல்ல; ஒரு தட்டு மயிரிழை முந்தும், அடுத்தது மயிரிழை பிந்தும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் சட்டென்று பிடிபடாது. வாசிக்கிற கைக்கு மட்டும் கல்லில் நடக்கிற மாதிரி இருக்கும். இருபத்தாறு வருடத் தொழிலில் எத்தனையோ கடைக்காரர்கள் கண்ஜாடை காட்டியும் கள்ளத் தராசு செய்யாதவர், சொந்த வீட்டில் ஒன்று செய்து முடித்தார்.

அன்று மாலை அவள் எழுபத்தாறில் தடுக்கினாள். குண்டை எழுபத்திரண்டுக்கு ஏற்றினாள், அங்கும் தடுக்கினாள். மறுநாள் அறுபத்தாறு. அதற்கடுத்த நாள் மேட்டுக்கு வரும் முன்பே, சமதரையிலேயே தடுமாறினாள்.

"என்ன ஆச்சு எனக்கு?" என்றாள்.

"உடம்பு அசதியா இருக்கும்" என்றார் இவர். அவளுக்குச் சூடாகப் பால் காய்ச்சிக் கொடுத்தார். தலையணையைத் தட்டிப் போட்டார். அந்த நாட்களில் அவரைப்போல அன்பான புருஷன் அந்தத் தெருவிலேயே கிடையாது.

தகடு ஒட்டிய ஒன்பதாம் நாள் ஆறு மணிக்கு அவள் வயலினைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு மெட்ரோனோமைத் தூக்கி அலமாரிமேல் வைத்தாள்.

"இன்னிக்கு நீங்க தட்டுங்க" என்றாள்.

இவருக்கு வாயெல்லாம் பல். நாற்காலியை இழுத்த வேகத்தில் அது தரையைக் கீறியது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "எவ்வளவு வேகம், சொல்லு" என்று கேட்டார், பெரிய வித்வான் மாதிரி.

"அறுபது. ஒரு செகண்டுக்கு ஒண்ணு. போன்ல பதிவு பண்ணிக்கறேன், எங்க தடுக்கறேன்னு கேக்கணும்."

இவர் தட்டினார். அவள் வாசித்தாள். மேட்டையும் தாண்டி, ஒரு இடத்தில்கூட நிற்காமல் முடித்துவிட்டாள். வெற்றி! இவர் அலமாரிமேல் இருந்த பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தாயா, என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"பாத்தியா? என் கை தப்பாது. வேணும்னா கடிகாரத்த வெச்சுப் பாரு" என்றார் அவளிடம்.

அவள் போனில் பதிவை ஓடவிட்டாள். இவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு, கடையில் செய்கிற மாதிரியே எண்ண ஆரம்பித்தார். முதல் பக்கம் நொடிக்கு ஒரு தட்டு, அச்சு மாறாமல். இரண்டாம் பக்கமும் அப்படியே. மூன்றாம் பக்கத்தில் மேடு வந்தது. பதினாறு தட்டு, பத்தொன்பது நொடி. மேடு முடிந்ததும் மறுபடி நொடிக்கு ஒன்று.

இவர் மீண்டும் போடச் சொன்னார். மீண்டும் பத்தொன்பது. மூன்றாம் முறையும் பத்தொன்பதுதான்.

"அங்க நான் திணறறேன்ல, நீங்க எனக்காகக் காத்திருக்கீங்க" என்றாள் அவள் மெதுவாக. "உங்களுக்கே தெரியாம. இத்தன வருஷமா அப்படித்தான் பண்ணியிருக்கீங்க. அதனால அங்க நிக்கறது எனக்குப் பழகிப்போச்சு. தேர்வு அறிவிச்ச அன்னிக்கே குழுத்தலைவி கேட்டாங்க, வீட்ல உங்களுக்கு யாரு தாளம் போடறது, ரொம்ப செல்லம் குடுக்கறாங்க போலிருக்கேன்னு. உங்ககிட்ட சொல்ல மனசு வரல. அதான் கருவி வாங்கிக்கலாம்னு…"

இவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தத் தராசிலும் ஒரு குன்றிமணி எடையை விடாதவர், வீட்டில் இருபத்தொரு வருடமாக மூன்று நொடியை அள்ளிக் கொடுத்திருக்கிறார். அவளும் அதைச் சுமந்துகொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"அந்தக் கருவியும் உதவல. எங்கிட்டதான் கோளாறு" என்றாள் அவள். "நேத்து சாப்பாட்டு நேரத்துல எங்க ஆஸ்பத்திரிலயே காது டாக்டரப் போய்ப் பாத்தேங்க. காது நல்லா இருக்காம். அப்ப மூளைலதான் ஏதோன்னு ஸ்கேன் எடுத்துக்கலாமான்னு…"

"ஒண்ணும் எடுக்க வேண்டாம்" என்று இவர் எழுந்தார். அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கிக் கவிழ்த்து, தகட்டை நகத்தால் கெல்லி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "நான்தான் வெச்சேன். ஒம்போது நாளாச்சு."

அவள் தகட்டைப் பார்த்தாள். அது என்ன, எதற்கு என்று இருபத்தொரு வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

"எதுக்கு?"

"பொறாமை" என்றார். வேறு என்ன சொல்வது?

"நீங்க பாத்துக் குடுத்ததுங்க இது" என்றாள். "தராசு பாத்ததுன்னா கடைத்தெருவுல மறுபேச்சு இல்ல. அதனால நான் அதச் சந்தேகப்படவே இல்ல. என்னைத்தான் சந்தேகப்பட்டேன்."

அவள் அழுதிருந்தால்கூட இவர் தாங்கியிருப்பார். அழவில்லை. வயலினையும் மெட்ரோனோமையும் எடுத்துக்கொண்டு மாடிக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

தேர்வுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. பதினெட்டு நாளும் வேலையிலிருந்து வந்து உடை மாற்றிக்கொண்டு நேராக மாடிக்குப் போனாள். இவர் கீழே உட்கார்ந்திருப்பார். கூரை வழியாக டிக், டிக் என்று மெலிதாகக் கேட்கும். மேட்டில் அது ஒரு மயிரிழையும் தயங்காமல் போகும். முதலில் அவள் தடுக்கி நிற்பாள், அது போய்க்கொண்டே இருக்கும். நாள் ஆக ஆக அவளும் கூடவே போக ஆரம்பித்தாள். தானே சோதித்துத் தேர்ந்தெடுத்த நல்ல சரக்கு, குறை சொல்லவும் வழியில்லை. மச்சினி இப்போது படியிறங்கும்போது கேலி பேசுவதில்லை. அதுதான் இவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

தேர்வன்று காலை அவள் வயலின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "வர்றதுன்னா வாங்க. ஆனா கைய பாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு உக்காரணும்."

இவர் கூடவே போனார். தாழ்வாரத்து பெஞ்சில், இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து வயலின் கேட்டது. மூன்றாம் பக்கம் வந்தபோது பைக்குள் இவர் விரல் மடங்கியது. அவள் நிற்கவில்லை. தொண்ணூற்றாறில் ஏறி, தொண்ணூற்றாறிலேயே இறங்கி, இவரை விட்டுவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவு நன்றாக இருந்தது. அது தன்னால் இல்லை என்று நினைத்தபோது கண்ணில் நீர் வந்தது. சந்தோஷமா பொறாமையா என்று கேட்டால் அவராலேயே சொல்ல முடியாது.

நாற்காலி அவளுக்குக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து அவர் தட்டில் சோறு போட்டுவிட்டு, பதினெட்டு நாளில் முதல்முறையாக, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்றாள். மெட்ரோனோமும் மாடியிலிருந்து இறங்கி மேசைக்கு வந்தது.

நிரந்தர இடம் என்றால் தினமும் பயிற்சி. மாலை ஐந்தரைக்குப் போனால் எட்டுக்குத்தான் வருவாள். அங்கே குழுத்தலைவியின் கைக்குச்சியைப் பார்த்து வாசிக்க வேண்டும். முதல் திங்கட்கிழமை ஆறு மணிக்கு இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதிரே மேசையில் அந்தப் பெட்டி. அந்த ஒரு மணி நேரத்தில் அதற்கும் வேலையில்லை, இவருக்கும் வேலையில்லை. அந்தக் குச்சியை நினைத்துக்கொண்டார். வயிறு எரியக்கூடத் தெம்பில்லை.

சற்று நேரம் கழித்து மூடியை எடுத்தார். அவள் செய்கிற மாதிரியே பதமாகச் சாவி கொடுத்து, குண்டைத் தொண்ணூற்றாறில் வைத்து, கம்பியைக் கொக்கியிலிருந்து விடுவித்தார். பக்கத்தில் விரலை மடக்கி மேசையில் தட்ட ஆரம்பித்தார். சுருள் தளர்ந்து அது தானாக நிற்கும்வரை இருவரும் தட்டினார்கள். அவர் கை ஒரு தட்டுகூடப் பிந்தவில்லை. காத்திருக்க அங்கே யாரும் இல்லை.